முகவரி வேறு, கோப்பு வேறு

பைத்தானின் வலை ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் எழுதிய சிறு தளம் ஒன்றை உங்கள் கணினியில் ஓடவிட்டு, உலாவியில் அதன் முகப்பைத் திறக்கிறீர்கள். டெர்மினலில் சில வரிகள் விறுவிறுவென்று ஓடி நிற்கின்றன. முதல் வரி முகப்புப் பக்கத்துக்கு. அதன் ஓரத்தில் 200 என்ற எண். அடுத்தது ஸ்டைல் கோப்பு, அதற்கும் 200. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கு 304. லோகோ படத்துக்கு 404. கடைசியில், நீங்கள் எங்குமே குறிப்பிடாத ஃபேவிகான் என்ற ஒன்றைத் தேடி உலாவி தானாகவே வந்து, அதற்கும் ஒரு 404 வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

திறந்தது ஒரு பக்கம். நடந்தவை ஐந்து உரையாடல்கள். இவற்றில் முதலாவதற்கும் கடைசியானதற்கும் மட்டுமே உங்கள் முகவரிப் பட்டியல் விடை சொன்னது. நடுவில் உள்ள மூன்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். அந்த யாரோ எப்படிக் கோப்பைக் கண்டுபிடிக்கிறார், தளத்தை வெளியிடும் அன்று ஏன் காணாமல் போகிறார் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முகப்புப் பக்கம் கேட்ட கணத்தில் உருவாவது. தரவுத்தளத்தைப் பார்த்து, உள்ளே வந்திருப்பவரின் பெயரைச் சேர்த்து, வார்ப்புருவில் நிரப்பி உங்கள் நிரல் அதைத் தயாரிக்கிறது. ஸ்டைல் கோப்பு, எழுத்துரு, படம், உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை அப்படியல்ல. யார் கேட்டாலும் வட்டில் இருக்கும் அதே பைட்டுகளை எடுத்துக் கொடுத்தால் போதும். இவற்றைத்தான் ஸ்டாட்டிக் கோப்புகள், நிலைக்கோப்புகள் என்கிறோம். கணக்கீடு ஏதும் தேவைப்படாத இந்த வேலை, வலை நிரலாக்கத்திலேயே மிகச் சுலபமானதாக இருக்க வேண்டும். ஆனால் புதிதாக ஒரு ஃப்ரேம்வொர்க்கைக் கற்பவர்கள் தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும் இடமும் இதுதான். குறை அவர்களிடம் இல்லை. காரணம் வலையின் வரலாற்றில் இருக்கிறது.

கோப்பே எல்லாமாக இருந்த காலம்

1990-இன் இறுதியில், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை சர்வரை ஓடவிட்டார். நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினி அது. அவர் நிரல் எழுதிக்கொண்டிருந்ததும் அதிலேதான். இது ஒரு சர்வர், அணைத்துவிட வேண்டாம் என்று கையால் எழுதிய ஒரு தாள் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. உருவாக்கும் கணினி வேறு, உலகுக்கு வழங்கும் கணினி வேறு என்ற பிரிவினை அன்று இல்லை என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

நெறிமுறையும் அதே அளவுக்கு எளியது. 1991-இல் எழுதிவைக்கப்பட்ட அதன் முதல் வடிவத்தை இன்று எச்டிடிபி 0.9 என்கிறோம். உலாவி ஒரே ஒரு வரி அனுப்பும்: ‘கெட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, பிறகு ஒரு பாதை. சர்வர் ஆவணத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். நிலை எண் கிடையாது, ஹெடர் கிடையாது, அனுப்புவது என்ன வகை என்று சொல்வதும் கிடையாது. பெரும்பாலும் அந்தப் பாதை சர்வரின் வட்டில் கிடக்கும் ஒரு கோப்பின் பாதைதான். வலை முகவரிகளில் உள்ள சாய்கோடுகள் யூனிக்ஸ் கோப்புறைப் பாதைகளைப் போலவே இருப்பது தற்செயல் அல்ல.

1993-இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான சர்வரோடு சிஜிஐ என்ற ஏற்பாடு வந்தது. குறிப்பிட்ட ஒரு கோப்புறைக்கு வரும் கோரிக்கை என்றால் கோப்பைக் கொடுக்காதே, அங்கிருக்கும் நிரலை ஓட்டி அது சொல்வதைக் கொடு என்பதே அதன் சாரம். அப்போதும் கோப்புதான் விதி, நிரல் விதிவிலக்கு. பிஎச்பி பரவிய காலத்திலும் இந்த உறவு மாறவில்லை. ஒரே கோப்புறையில் பிஎச்பி கோப்பும் படமும் அருகருகே கிடக்கும். அப்பாச்சி சர்வர் ஒன்றை ஓட்டும், மற்றதை அப்படியே கொடுக்கும். நிலைக்கோப்பை எப்படி வழங்குவது என்ற கேள்வியே அந்த நிரலாளருக்கு எழ வாய்ப்பில்லை.

பிறகு உறவு தலைகீழானது. கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’ செய்தித்தாளின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் எழுதத் தொடங்கியது ஜாங்கோ. 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. ஜாங்கோவில் முகவரி என்பது கோப்பின் பாதை அல்ல, வெறும் பெயர். எந்தப் பெயருக்கு எந்தச் செயற்கூறு பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியலில் நாமே எழுதிக்கொள்கிறோம். ஃப்ளாஸ்க், எக்ஸ்பிரஸ் போன்றவையும் இதே வழியில் வந்தவை. இதனால் கிடைத்த ஆதாயம் பெரிது. முகவரிகள் படிக்கத் தக்கவையாயின. நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. ஒரு கோப்பைத் தவறுதலாக ஓர் இடத்தில் போட்டதாலேயே அது உலகுக்குத் திறந்துவிடுவதும் இல்லை.

இதற்கு நாம் கொடுத்த விலை ஒன்று உண்டு: பட்டியலில் இல்லாத எதற்கும் முகவரி கிடையாது. ஸ்டைல் கோப்பு உங்கள் வட்டில் கண்ணெதிரே இருக்கிறது. உலாவியைப் பொறுத்தவரை அப்படி ஒன்று இல்லவே இல்லை. இப்போது நிரல்தான் விதி, கோப்பு விதிவிலக்கு. புதியவரின் குழப்பம் முழுவதும் இந்த ஒரு திருப்பத்திலிருந்து வருகிறது. கோப்பு இருக்கும் இடத்தைச் சரிபார்த்தபடியே இருக்கிறார். சரிபார்க்க வேண்டியது, அந்த முகவரியைக் கோப்போடு இணைப்பவர் யார் என்பதை.

தேடிக் கொடுப்பவர்

ஜாங்கோவின் தொடக்க ஆண்டுகளில் இந்த இணைப்பை நிரலாளரே கையால் எழுத வேண்டியிருந்தது. இந்த முன்னொட்டோடு வரும் முகவரிகளை இந்தக் கோப்புறையில் தேடு என்று முகவரிப் பட்டியலில் ஒரு வரி. தளத்தின் சொந்த ஸ்டைல் கோப்புகளும் பயனர்கள் ஏற்றும் படங்களும் மீடியா என்ற ஒரே பெயரின்கீழ் கலந்து கிடந்தன. 2011 மார்ச்சில் வந்த 1.3 பதிப்பு இரண்டையும் பிரித்தது. பயனர் ஏற்றுபவை மீடியா. நிரலோடு பிறந்து நிரலோடு மாறுபவை ஸ்டாட்டிக். அந்தப் பதிப்பு செய்த மிக நல்ல காரியங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன். ஒரு குவியல் நாமே எழுதியது, மற்றது முன்பின் தெரியாதவர் அனுப்பியது. இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு கையாளும் தளம் ஆபத்தில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து, டீபக் என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும்வரை, ஜாங்கோவின் மேம்பாட்டு சர்வர் நிலைக்கோப்புக் கோரிக்கைகளை உங்கள் முகவரிப் பட்டியலுக்குப் போகும் முன்பே இடைமறித்துக்கொள்கிறது. முன்னொட்டை வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் பெயரோடு தேடப் புறப்படுகிறது. முதலில், அமைப்புக் கோப்பில் நீங்கள் குறித்துவைத்த கோப்புறைகள். அங்கே இல்லையென்றால், நிறுவப்பட்ட ஒவ்வோர் ஆப்பின் உள்ளேயும் இருக்கும் ஸ்டாட்டிக் கோப்புறை, பட்டியலில் உள்ள வரிசைப்படி. முதலில் அகப்படுவதே விடை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் இந்தத் தேடல் புதிதாக நடக்கிறது. வேகத்தைப் பற்றிக் கவலைப்படாத வடிவமைப்பு இது; வேண்டுமென்றே செய்யப்பட்டது. புதிய படத்தை ஏதோ ஒரு கோப்புறையில் போட்ட அடுத்த நொடி அது பக்கத்தில் தெரிகிறது. எதையும் நகலெடுக்க வேண்டாம், சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டாம்.

முதலில் அகப்படுவதே விடை என்பதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு ஆப்களில் ஒரே பெயரில் ஸ்டைல் கோப்பு இருந்தால், பட்டியலில் பின்னால் உள்ளது ஒருபோதும் வெளியே வராது. பிழைச் செய்தியும் வராது. நீங்கள் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், பக்கம் அப்படியே நிற்கும். அதனால்தான் ஸ்டாட்டிக் கோப்புறைக்குள் ஆப்பின் பெயரிலேயே இன்னொரு கோப்புறை வைத்து, அதற்குள் கோப்பைப் போடும் வழக்கம் வந்தது. தேவையில்லாத அடுக்காகத் தோன்றும் அந்த இரட்டைக் கோப்புறைதான் பெயர் மோதலைத் தடுக்கிறது. எந்தக் கோப்பு அகப்படுகிறது என்று சந்தேகம் வந்தால் ‘ஃபைண்ட்ஸ்டாட்டிக்’ கட்டளையைக் கேளுங்கள். அந்தப் பெயரில் எங்கெங்கே கோப்பு இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

லோகோவின் 404-க்கு வருவோம். பெரும்பாலும் அது எழுத்துப்பிழை, திருத்தினால் சரியாகிவிடும். உங்கள் கணினியில் 404 வராமல், வெளியிட்ட இடத்தில் மட்டும் வருகிற வகைதான் தொல்லை. விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் பொருட்படுத்தும். தளங்கள் பெரும்பாலும் போய் உட்காருவது லினக்ஸில்தான். கேமராவோ வடிவமைப்பு மென்பொருளோ படப் பெயரின் வாலைப் பெரிய எழுத்தில் வைத்துவிட்டால், மேசையில் தெரிந்த படம் இணையத்தில் தெரியாது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இதே சிக்கல் இன்னும் நுட்பமாக வருகிறது. முகவரியில் தமிழ் எழுத்து யுடிஎஃப்-8 முறையில் போகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து மூன்று எழுத்துகளாக எழுதப்படும். ‘படம்’ என்பதில் உள்ள நான்கு குறிகள், அதாவது ப, ட, ம, புள்ளி, முகவரியில் 36 எழுத்துகளாக நீள்கின்றன. நீளம் ஒரு பிழையல்ல. பிழை வருவது ஒகர, ஓகார எழுத்துகளில். ‘கொடி’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் இரண்டையும் ஒரே பெயராக ஏற்றுக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பைட் வரிசைகள், ஆகவே வெவ்வேறு கோப்புகள். தமிழ்ப் பெயர்களைக் கைவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். பெயர்களை எல்லாம் என்எஃப்சி என்ற ஒருமித்த வடிவுக்கு மாற்றும் சிறு படி ஒன்றை வெளியீட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கிடைத்தது என்ன வகை?

கோப்பு அகப்பட்டதும் வேலை முடியவில்லை. அனுப்புவது ஸ்டைலா, படமா, நிரலா என்று சர்வர் சொல்லியாக வேண்டும். 0.9-இல் இல்லாத இந்த வசதி, 1996 மே மாதம் ஆர்எஃப்சி 1945 என்ற ஆவணமாக வெளியான எச்டிடிபி 1.0-இல் முறைப்படி இடம்பெற்றது. அதற்கான சொற்களஞ்சியம் மின்னஞ்சலில் இருந்து கடன் வாங்கப்பட்டது: மின்னஞ்சலில் படங்களையும் பிற இணைப்புகளையும் அனுப்புவதற்காக நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் வகுத்த மைம் வகைகள். ‘கன்டென்ட்-டைப்’ என்ற ஹெடரில் இன்றும் போவது அதுதான்.

சர்வருக்கு வகை எப்படித் தெரிகிறது? கோப்புக்குள் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. பெயரின் வாலை மட்டும் பார்த்து ஓர் அட்டவணையில் தேடுகிறது. பைத்தானில் அந்த அட்டவணை இயங்குதளத்தையும் கலந்தாலோசிக்கும்; விண்டோஸ் என்றால் ரெஜிஸ்ட்ரியைப் பார்க்கும். என்றோ நிறுவிய ஒரு மென்பொருள் அந்த ரெஜிஸ்ட்ரியில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை வெறும் உரை என்று மாற்றி எழுதியிருந்தால், உங்கள் மேம்பாட்டு சர்வரும் வெறும் உரை என்றே சொல்லி அனுப்பும். மாட்யூல் வகை ஜாவாஸ்கிரிப்டில் உலாவிகள் கறாரானவை: வகை பொருந்தாவிட்டால் ஓட்ட மறுத்துவிடும். டெர்மினலில் 200, கோப்பு முழுவதும் வந்து சேர்ந்திருக்கிறது, பக்கமோ வெறிச்சோடிக் கிடக்கிறது. அதே நிரல் பக்கத்து மேசையில் ஒழுங்காக ஓடுகிறது. நிலை எண்ணை மட்டும் பார்ப்பவர் இதை ஒருபோதும் கண்டுபிடிக்க மாட்டார். உலாவியின் நெட்வொர்க் பட்டியலில் அந்தக் கோப்பைச் சொடுக்கி, வந்த வகையைப் படிக்க வேண்டும்.

உலாவி ஏன் இவ்வளவு கறார்? முன்பு அது தாராளமாகத்தான் இருந்தது. சர்வர் சொன்ன வகையை நம்பாமல் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தானே ஊகித்துக்கொண்டது. அந்தத் தாராளத்தைத் தாக்குபவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்: படம் என்ற பெயரில் ஏற்றிய கோப்புக்குள் நிரலை ஒளித்துவைத்து ஓடச் செய்தார்கள். 2008-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8, ஊகிக்காதே என்று சர்வர் கட்டளையிடும் ஹெடரைக் கொண்டுவந்தது. பின்னால் வந்த மாட்யூல்களுக்குக் கண்டிப்பு தொடக்கத்திலிருந்தே விதியானது. அது சரியான முடிவு.

சர்வரே வேண்டாம், எச்டிஎம்எல் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் போதாதா என்று கேட்கலாம். வெறும் எழுத்தும் படமும் என்றால் போதும். ஆனால் அப்படித் திறந்தால் எச்டிடிபி இல்லை, ஹெடர் இல்லை. பக்கத்துக் கோப்பைக்கூட உலாவி அந்நிய மூலமாகவே நடத்தும். ஃபயர்ஃபாக்ஸும் 2019-இல் 68-ஆம் பதிப்பிலிருந்து இப்படித்தான். மாட்யூல்கள் ஏறா, தரவுக் கோப்புகளைப் படிக்க முடியாது. எனவே பைத்தானோடு வரும் ஒற்றை வரி சர்வரையாவது ஓடவிட வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு சர்வர் முன்பெல்லாம் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பை மட்டுமே கவனிக்கும். நவீன உலாவிகளோ, பிறகு தேவைப்படலாம் என்று இணைப்புகளை முன்கூட்டியே திறந்துவைத்து ஒன்றும் கேட்காமல் இருக்கும். பேசாத அந்த இணைப்புக்காகக் காத்துக்கொண்டு சர்வர் உறைந்து நின்றுவிடும். 2018-இல் பைத்தான் 3.7 பல இழைகளில் இயங்கும் வகையைச் சேர்த்ததற்கு இதையே காரணமாகக் காட்டுகிறது அதன் ஆவணம். இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன்: ஜாங்கோவின் மேம்பாட்டு சர்வர் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பும் ரேஞ்ச் கோரிக்கைகளை ஆதரிப்பதில்லை, சஃபாரி காணொளிக்கு அதை எதிர்பார்க்கும். சஃபாரியில் உங்கள் காணொளி ஓடவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்வரை.

பழைய நகலின் பிடிவாதம்

ஸ்டைல் கோப்பில் நிறத்தை மாற்றுகிறீர்கள், சேமிக்கிறீர்கள், பக்கத்தைப் புதுப்பிக்கிறீர்கள். நிறம் மாறவில்லை. மறுபடி. மாறவில்லை. சற்று நேரம் கழித்து எந்தக் காரணமும் இல்லாமல் மாறிவிடுகிறது. வலை நிரலாளர்களில் இதை அனுபவிக்காதவர் அரிது. இதில் மர்மம் ஏதும் இல்லை. எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

தொடக்கத்தில் பார்த்த 304-ஐ முதலில் புரிந்துகொள்வோம். ஒவ்வொரு கோப்போடும், அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைச் சர்வர் ஒரு ஹெடரில் அனுப்புகிறது. உலாவி நகலையும் நேரத்தையும் கேஷில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை, இந்த நேரத்துக்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் கொடு என்று கேட்கிறது. மாறவில்லையென்றால் சர்வர் வெறும் 304 என்று பதில் சொல்கிறது. கோப்பு பயணம் செய்வதில்லை. இதில் பழைய நகல் சிக்கிக்கொள்ள வழியே இல்லை, ஏனென்றால் உலாவி கேட்கிறது.

கேட்காமல் இருக்கும்போதுதான் சிக்கல். இந்த நகலை எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்று ஜாங்கோவின் மேம்பாட்டு சர்வர் சொல்வதில்லை. கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் சொல்கிறது. சர்வர் காலக்கெடு சொல்லாதபோது உலாவி தானே ஒன்றை ஊகித்துக்கொள்ள எச்டிடிபி இடம் கொடுக்கிறது. கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆகிறதோ அதில் 10 விழுக்காடு என்பது நெறிமுறை ஆவணமே எடுத்துக்காட்டும் வழக்கமான அளவு. கணக்கிட்டுப் பாருங்கள். 30 நாளாகக் கைவைக்காத ஸ்டைல் கோப்பை உலாவி இன்று காலை வாங்கியது என்றால், 3 நாளுக்கு அது மறுபடி கேட்க வேண்டியதில்லை. நண்பகலில் நீங்கள் அதைத் திருத்துகிறீர்கள். சில உலாவிகள் புதுப்பிக்கும்போது முதன்மைப் பக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு, துணைக்கோப்புகளைக் கேஷிலிருந்தே எடுக்கும். ஆகவே பழைய நிறம்.

ஒருமுறை புதிய நகல் வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. இப்போது கோப்பு மாறி ஒரு நிமிடம்தான் ஆகிறது. அதில் 10 விழுக்காடு 6 நொடி. அடுத்தடுத்த திருத்தங்கள் உடனுக்குடன் தெரிகின்றன. நீண்ட இடைவெளிக்குப் பின் செய்யும் முதல் திருத்தத்தில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைவதால்தான் இது காரணமற்ற கோளாறாகத் தோன்றுகிறது.

டெர்மினலைப் பார்த்தே இதை உறுதிசெய்துகொள்ளலாம். 200 என்றால் கோப்பு புதிதாக வந்தது. 304 என்றால் உலாவி கேட்டது, மாறவில்லை என்ற பதில் கிடைத்தது. அந்தக் கோப்புக்கு வரியே இல்லையென்றால், உலாவி உங்கள் சர்வரைக் கேட்கவே இல்லை. அப்போது நிரலைத் துருவிப் பயனில்லை. உலாவியின் நிரலாளர் கருவிகளைத் திறந்து, அவை திறந்திருக்கும்வரை கேஷைப் பயன்படுத்தாதே என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். ஃப்ளாஸ்க் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் கடுமையாக இருந்தது. 2021-இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்புவரை, நிலைக்கோப்புகளை 12 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று அது தானாகவே உலாவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மேம்பாட்டுக்கு அது தவறான இயல்புநிலை, மாற்றியது நல்லது.

வெளியிடும் நாள்

தளம் தயார். பாதுகாப்புக்காக டீபக்கை அணைக்கிறீர்கள். பக்கம் வருகிறது, நிறமில்லை, படமில்லை, எழுத்து மட்டும் வரிவரியாக. நிரல் எதுவும் மாறவில்லை. இதுவரை கோப்புகளைத் தேடிக் கொடுத்தவர் டீபக்கோடு சேர்ந்து விலகிவிட்டார்.

ஜாங்கோ இதை வேண்டுமென்றே செய்கிறது. அந்தத் தேடல் முறை செயல்திறனில் மிக மோசம், பாதுகாப்பற்றதாகவும் இருக்கக்கூடும் என்று அதன் ஆவணம் மறைக்காமல் எச்சரிக்கிறது. செயல்திறனைப் பற்றிய பகுதி எளிதில் விளங்கும். கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஊற்றத் தலைமைச் சமையல்காரரை யாரும் அனுப்புவதில்லை. பக்கத்தை உருவாக்கத் தெரிந்த பைத்தான் நிரலைப் படம் தூக்கிக் கொடுக்க நிறுத்துவதும் அப்படித்தான். இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர்கள் இதற்கென்றே உருவானவை. லினக்ஸின் சென்ட்ஃபைல் அழைப்பின் மூலம், கோப்பின் பைட்டுகளைத் தம் நினைவகத்துக்கு இழுக்காமலே கர்னலுக்குள்ளிருந்து நேராக வலையிணைப்புக்கு அனுப்பிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிய பகுதியைத்தான் பலரும் போதிய கவனமின்றிக் கடந்துவிடுகிறார்கள். முகவரியில் வரும் பெயரை ஒரு கோப்புறைப் பாதையோடு ஒட்டிக் கோப்பைத் திறக்கும் எந்த நிரலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: பெயரில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் வந்தால்? அது ஒரு படி மேலே போ என்று பொருள்படும். நாலைந்து முறை எழுதினால் வட்டின் வேருக்கே போய், கடவுச்சொல் கோப்பு வரை எட்டலாம். புள்ளிகளைத் தடுத்தால் அவற்றைக் குறியாக்கம் செய்து அனுப்புவார்கள். இது கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்க வேண்டாம். உலகின் மிகப் பழுத்த சர்வர்களில் ஒன்றான அப்பாச்சியின் 2.4.49 பதிப்பில், 2021-இல், குறியாக்கம் செய்த புள்ளிகள் வழியே இதே ஓட்டை திறந்துகொண்டது. அவசரமாக வந்த 2.4.50-இன் திருத்தமும் முழுமையாக அடைக்கவில்லை; 2.4.51 வந்துதான் முடிந்தது. அத்தனை கண்கள் பார்க்கும் நிரலுக்கே இந்த நிலை.

மேம்பாட்டு சர்வர்களும் விலக்கல்ல. 2025 மார்ச்சில், பரவலாகப் பயன்படும் வீட் என்ற கருவியின் மேம்பாட்டு சர்வரில், முகவரியின் பின்னால் சில குறிகளைச் சேர்த்தால் தடைசெய்த கோப்புகளையும் படித்துவிடலாம் என்ற ஓட்டை வெளிவந்தது. பாதிக்கப்படக்கூடியவர்கள், அந்தச் சர்வரை வலையமைப்புக்குத் திறந்துவிட்டிருந்தவர்கள் மட்டுமே. ஜாங்கோவின் சர்வர் இயல்பாக 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது உங்கள் கணினிக்குள் மட்டும் காது கொடுக்கிறது. கைபேசியில் பார்ப்பதற்காக அதை 0.0.0.0 என்று மாற்றும்போது, அதே வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் கதவைத் திறக்கிறீர்கள். வீட்டில் செய்யலாம். கல்லூரியிலும் காபிக் கடையிலும் செய்யாதீர்கள்.

வெளியீட்டில் நிலைக்கோப்புகளுக்கு வேண்டியவை மேம்பாட்டில் வேண்டியவற்றுக்கு நேர் எதிர். அங்கே கோப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கலாம், எப்போதும் புதியதே தெரிய வேண்டும். இங்கே எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஒருமுறை வாங்கியதை உலாவி மறுபடி கேட்கவே கூடாது. ‘கலெக்ட்ஸ்டாட்டிக்’ கட்டளை முதல் வேலையைச் செய்கிறது: தேடல் வரிசையை ஒரே ஒருமுறை ஓட்டி, எல்லாக் கோப்புகளையும் ஒரு கோப்புறையில் நகலெடுத்துவிடுகிறது. இரண்டாவதற்கு அழகான தீர்வு ஒன்று உண்டு. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து எம்டி5 முறையில் ஒரு சுருக்கம் கணக்கிட்டு, அதன் முதல் 12 குறிகளைப் பெயரின் நடுவில் செருகுவது. ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறும். பெயர் மாறினால் அது உலாவிக்குப் புதிய கோப்பு. ஆகவே பழைய பெயரை ஓராண்டுக்கு வைத்துக்கொள் என்று அச்சமின்றிச் சொல்லலாம். வார்ப்புருவில் கோப்பின் முகவரியை நேராக எழுதாமல் ஸ்டாட்டிக் குறியைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். இறுதிப் பெயர் என்னவென்று எழுதும்போது உங்களுக்கே தெரியாது.

இந்த முறையில் ஒரு கண்டிப்பும் சேர்ந்து வருகிறது. எந்தக் கோப்புக்கு எந்தப் புதிய பெயர் என்று கலெக்ட்ஸ்டாட்டிக் ஒரு பட்டியலை எழுதிவைக்கிறது; பக்கம் கேட்கும் கோப்பு அந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஜாங்கோ பக்கத்தையே தர மறுத்து 500 காட்டும். மேம்பாட்டில் உடைந்த ஒரு லோகோவாக மட்டும் தெரிந்த எழுத்துப்பிழை, வெளியீட்டில் முழுப் பக்கத்தையும் வீழ்த்திவிடும். டெர்மினலில் ஓடும் 404-களை அலட்சியம் செய்யக்கூடாது என்று வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் என்னிடம் இல்லை.

எல்லாத் தளத்துக்கும் தனி சர்வர் வேண்டுமா என்றால், வேண்டாம். சிறிய, நடுத்தரத் தளங்களுக்கு டேவிட் எவன்ஸ் எழுதிய ஒயிட்நாய்ஸ் நூலகம் போதும். சேகரித்து வைத்த கோப்புகளை அது உங்கள் நிரலுக்குள்ளிருந்தே சரியான ஹெடர்களோடு வழங்கும்; நகல்களை வைத்திருந்து வழங்கும் சிடிஎன் ஒன்று முன்னால் இருந்தால் சுமையும் பெரிதாக இராது. கோ மொழி 2021-இல் 1.16 பதிப்பிலிருந்து நிலைக்கோப்புகளை நிரலுக்குள்ளேயே பொதித்துவிடவும் வழி செய்திருக்கிறது. முறை எதுவாக இருந்தாலும், முகவரியைக் கோப்போடு இணைப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளியிடும் நாள் வரை காத்திருக்காதீர்கள். வேலை பாதி முடிந்திருக்கும்போதே உங்கள் கணினியில் டீபக்கை அணைத்து, கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி, வெளியீட்டில் பயன்படுத்தப்போகும் முறையிலேயே தளத்தை ஒருமுறை திறந்துபாருங்கள். நெட்வொர்க் பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் நிலை எண், வகை, காலக்கெடு மூன்றையும் படியுங்கள். பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றில் ஒன்றில் அகப்பட்டுவிடும்.